பிரகதாம்பாள் வெளியே வருகிறார்

நீடாமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வெண்ணாற்றுக் கரையோடு ஏழு கிலோமீட்டர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஐப்பசி வானத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். அவற்றில் நின்ற தண்ணீர் மை போல இருந்தது.

"அரண்மனைக்குத்தானே டீச்சர்? வேப்பமரம் வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல நடந்துக்குங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"நான் டீச்சர்னு யார் சொன்னா?"

"கழுத்துல விசில் தொங்குதே."

விஜயலட்சுமி குனிந்து பார்த்துக்கொண்டாள். நாகப்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர். காலை மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரகதாம்பாள் அத்தை விடியற்காலையில் இறந்துவிட்டாள். அதைக் கேட்டவள் டிராக் பேன்ட், விசில் எல்லாவற்றோடும் ரயில் ஏறிவிட்டாள்.

வேப்பமரத்துக்கு அப்பால் சின்னராஜாக்கட்டளை பவானி மஹால்.

தஞ்சை மராட்டிய ராஜவம்சத்தின் சின்னஞ்சிறு கிளை ஒன்று இங்கே வாழ்ந்தது. வெள்ளைக்காரன் வந்ததும் அதிகாரம் போனது. அவன் போன பிறகு மானியம் போனது. நில உச்சவரம்பில் வயலும் போனது. மிஞ்சியவை முப்பத்திரண்டு அறைகள், கோயிலில் ஒரு முதல் மரியாதை, அப்புறம் ஒரு வழக்கம்.

கோஷா.

மஹாலின் கிழக்கே ராஜவாசல். பித்தளைக் குமிழ் வைத்த இரட்டைக் கதவு. ராஜா வெளியே வரும் முன்னால் சேவகன் ஒருவன் அவர் பெயரையும் பட்டங்களையும் உரக்கச் சொல்லிக் கட்டியம் கூறுவான். "பராக்" என்று முடிப்பான். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். வீட்டுப் பெண்களுக்கு அந்த வாசல் கிடையாது. அவர்களுக்கு மேற்கு வாசல். குனிந்து நுழைய வேண்டிய குட்டைக் கதவு. மூடு பல்லக்கில் மணப்பெண்ணாக அந்த வழியே வருவார்கள். பாடையில் அதே வழியே போவார்கள். இடையில் அவர்கள் முகத்தை வெளி ஆள் பார்க்கக் கூடாது. பெயரை வெளியே யாரும் சொல்லக் கூடாது.

பத்தொன்பது வயதில் விதவையாகித் திரும்பி வந்த அத்தை, எண்பத்தொன்று வரை அந்த வீட்டைத் தாண்டவில்லை. போன வாரம்தான் போனில் கேட்டாள்.

"விஜி, நான் போறப்ப ராஜவாசல் வழியா போகணும்மா. கூட்டிட்டுப் போவியா?"

"போவேன் அத்தை."

"பயப்படமாட்டியே?"

"ஆயிரத்து இருநூறு பொண்ணுங்களை மேய்க்கிறேன். எனக்கென்ன பயம்?"

அத்தை சிரித்தாள். அதுதான் கடைசியாகக் கேட்ட குரல்.

மஹால் முன்னால் ஐஸ் பெட்டி வேன் ஒன்று நின்றது. அதன் டிரைவர் சகாயராஜ் பாபநாசத்துக்காரன். வேனில் சாய்ந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ராம்கி. பெரியப்பா மகன், ஐம்பது வயது. நீடாமங்கலத்தில் ஷாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறான். லெட்டர்பேடில் மட்டும் 'ஸ்ரீமந்த் ராஜஸ்ரீ'. ஊரில் 'சின்ன ராஜா' என்று யாராவது கூப்பிட்டால் நாற்காலி வாடகையில் பத்து ரூபாய் குறைப்பான்.

"சாவுக்கு பேன்ட் போட்டுக்கிட்டா வருவ?" என்றான் ராம்கி.

"அத்தை எந்திரிச்சுத் திட்டினா மாத்திக்கிறேன். ராஜவாசலைத் திறக்கச் சொல்லுண்ணா."

ராம்கி ஒரு அடி பின்னால் போனான்.

"விளையாடாத விஜி. மேற்கு வாசல்ல எல்லாம் தயாரா இருக்கு."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"எங்கம்மாவை மறந்துட்டியா?"

விஜயலட்சுமி மறக்கவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது. ஆனால் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. எண்பத்துநாலு எலெக்‌ஷன். ராம்கியின் அம்மா, 'நானும் ஓட்டுப் போடுவேன், அதுவும் ராஜவாசல் வழியாப் போய்' என்று பட்டப்பகலில் கிளம்பினாள். ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.

மறு காலை வைக்கவில்லை.

"நெத்தியில குறுக்கால ஒரு கோடு" என்றான் ராம்கி மெல்ல. "தடியால அடிச்ச மாதிரி. எனக்கு ஒன்பது வயசு. படியில செத்துக் கிடந்ததை நான்தான் முதல்ல பார்த்தேன்."

"யார் அடிச்சது?"

அவன் மூடிய கதவைப் பார்த்தான்.

மேற்கு வாசலில் குனிந்து நுழைந்தாள். உள்ளே கரண்ட் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மஹாலுக்குள் முகம் தெரியவில்லை. பெண்கள் கட்டுக்கு ஜன்னல்கள் கிடையாது, சுவரில் விரல் நுழையும் துளைகள் மட்டும். வௌவால் எச்சத்தின் நெடி. பழைய சுண்ணாம்பின் ஈரம். இவற்றுக்கு அடியில், யாரோ இப்போதுதான் கடந்து போன மாதிரி, ரோஜா அத்தர்.

இந்த வீட்டில் அத்தர் பூச யாரும் இல்லை.

அத்தையை வெள்ளைப் புடவையில் கிடத்தியிருந்தார்கள். குருவி மாதிரிச் சின்ன உடம்பு. பக்கத்தில் நாகம்மாள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாக அத்தைக்குத் துணை.

"சின்னம்மா" என்று அவள் விஜயலட்சுமியின் கையைப் பிடித்தாள். "விடிஞ்சதுலேருந்து தடிச் சத்தம் கேக்குது."

"எந்தத் தடி?"

நாகம்மாள் முன்கூடத்தை நோக்கிக் கண்ணைக் காட்டினாள்.

முன்கூடத்தில், ராஜவாசலுக்கு எதிர்ச் சுவரில், மல்லார்ஜி மகாராஜின் ஆளுயரப் படம். கோஷா விதியை எழுதி வைத்தவர் அவர்தான். கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. படத்துக்குக் கீழே அவர் பெயர், மோடி எழுத்தில். சங்கிலி போலப் பின்னி ஓடும் பழைய மராட்டி எழுத்து. குடும்பத்தில் இன்று ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. நிஜத் தடியை ராம்கியின் அப்பா என்றைக்கோ கும்பகோணத்தில் உருக்கக் கொடுத்துவிட்டார்.

டொக்.

கல் தரையில் ஒரு தட்டு.

எல்லோரும் முன்கூடத்துப் பக்கம் திரும்பினார்கள்.

"பெருச்சாளி" என்றாள் விஜயலட்சுமி. தன் குரல் தனக்கே நம்பிக்கை தரவில்லை. "தூக்குங்க. கிழக்கால."

பாடைக்கு நான்கு தோள் வேண்டும். பக்கத்து வயலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ராம்கி முனகிக்கொண்டே மூன்றாவது. நான்காவது ஆள் இல்லை. சகாயராஜ் தானே வந்து மூங்கிலைப் பிடித்தான்.

"இருபது வருஷமா பொணம் தூக்குறேன் மேடம். இந்தம்மா நாப்பது கிலோகூடத் தேறாது. ஒத்தையாவே தூக்கிருவேன்."

லேசாகத்தான் கிளம்பியது. கொள்ளிச் சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு விஜயலட்சுமி முன்னால் நடந்தாள். பெண்கள் கட்டைத் தாண்டினார்கள். நடுமுற்றம் தாண்டினார்கள். முன்கூடத்தில் கால் வைத்தார்கள்.

மூங்கில் முனகியது.

"ஏய், ஒழுங்கா தூக்குங்கடா" என்றான் சகாயராஜ்.

"தூக்கிட்டுத்தான்ணே இருக்கோம்."

இன்னும் மூன்றடி. மூங்கில் வில்லாக வளைந்தது. நான்கு பேரின் கழுத்து நரம்புகளும் புடைத்தன. ராம்கியின் முழங்கால் மடங்கியது. பாடை தரையில் இறங்கியது. இறங்கிய சத்தம், நெல் மூட்டை லாரியிலிருந்து விழுகிற சத்தம்.

"நான் சொன்னேன்ல" என்று மூச்சு வாங்கினான் ராம்கி. "அவர் விடமாட்டாரு. திருப்புங்க. மேற்கால போயிரலாம்."

நான்கு பேரும் அப்படியே முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு மூங்கிலைப் பிடித்தார்கள். தம் கட்டினார்கள்.

அசையவில்லை.

டொக். டொக். படத்தின் பக்கமிருந்து.

விஜயலட்சுமி நெற்றியைச் சுருக்கினாள். மகாராஜா தடுக்கிறார் என்றால் கிழக்கேதான் போகக் கூடாது. மேற்கே ஏன் கனக்கிறது?

"மேடம்" என்றான் சகாயராஜ். "தப்பா நெனைக்காதீங்க. கனத்தை வச்சே ஆள் சொல்லுவேன். இதுல இந்தம்மா மட்டும் இல்ல."

நாகம்மாளின் விரல் தரையைக் காட்டியது.

செல்போன் டார்ச்சை அடித்தாள் விஜயலட்சுமி.

காலடித் தடங்கள். ஈரமான மஞ்சள் தடங்கள். சின்னப் பாதங்கள், பெரிய பாதங்கள், மெட்டி அழுந்திய விரல்கள். பெண்கள் கட்டின் குளியல் அறையிலிருந்து வரிசையாகக் கிளம்பி, கூடத்தைக் கடந்து, பாடையருகே வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

வயல்காரர்களில் ஒருவர் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார்.

அந்தக் குளியல் அறையை விஜயலட்சுமிக்குத் தெரியும். பத்து வயது வரை அவள் இங்கேதான் வளர்ந்தாள். அதன் சுவரில் வரிவரியாகக் கீறல்கள். இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணும் முதல் நாள் மஞ்சள் குளிக்கும்போது தன் பெயரை ஆணியால் கீறி வைப்பாள். இனி வெளியே யாரும் சொல்லப்போகாத பெயர். எல்லாம் மோடி எழுத்து.

"நாகம்மா, சுவத்துல இருக்கறதை அத்தை படிச்சுக் காட்டியிருக்காங்களா?"

"எங்கிட்ட எதுக்கும்மா படிக்கப்போறாங்க? உனக்குத்தான் சடை பின்றப்ப எதையோ சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

சடை.

தினமும் காலையில், ஒவ்வொரு பின்னலுக்கும் அத்தை ஒரு சொல் சொல்லுவாள். விஜியும் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் முடியை ஒரு இழு. அவள் அதை ஏதோ மராட்டி எண்ணிக்கை என்று நினைத்திருந்தாள்.

கொள்ளிச் சட்டியை நாகம்மாளிடம் கொடுத்தாள். தன் கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டாள். மூன்றாகப் பிரித்தாள். விரல்கள் முதல் பின்னலைப் போட்டதும் நாக்கு தானாகப் புரண்டது.

"யமுனாம்பா."

பாடை கிறீச்சிட்டது. மூங்கில் ஒரு நூல் நிமிர்ந்தது.

டொக், டொக், டொக். தடி இப்போது கோபமாகத் தட்டியது.

"விஜி, வேணாம்" என்றான் ராம்கி. "பொம்பளைங்க பேரை முன்கூடத்துல சொல்லக் கூடாது."

"அதனாலதான் எந்திரிச்சு வந்திருக்காங்கண்ணா."

அவள் நிமிர்ந்து நின்றாள். மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தாள். அரசகுலப் பெண்களுக்குரிய 'பாயி சாகேப்' பட்டத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

"யமுனாம்பா பாயி சாகேப் வெளியே வருகிறார். பராக்."

மஹால் அதிர்ந்தது. முப்பத்திரண்டு அறைகளிலும் அந்தப் பெயர் போய் மோதித் திரும்பியது. காதோரம் ஒரு புடவை உரசிப் போனது. கதவின் பித்தளைக் குமிழ்கள் லேசாகக் குலுங்கின.

"சைதாம்பா பாயி சாகேப். பராக்."

மூங்கில் இன்னொரு நூல் நிமிர்ந்தது.

"உமாம்பா பாயி சாகேப். ராஜசாம்பா பாயி சாகேப். பராக்."

ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வளையல் சத்தம், அது கதவை நோக்கிப் போய் நின்றது. அத்தர் வாடை மூச்சை அடைத்தது. அவளுக்கு மிக அருகில், பிடரிக்குப் பின்னால், ஒரு ஆண் பல்லைக் கடிக்கிற சத்தம். அவள் திரும்பவில்லை. வரிசை கலையும் என்று தெரிந்தால் டீச்சர் திரும்பமாட்டாள்.

ஒன்பதாவது பெயரோடு சடை முடிந்தது.

"தூக்குங்க."

தூக்கினார்கள். இடுப்பளவு வந்தது. மேலே வரவில்லை.

"இன்னும் ஒரு ஆள்" என்றான் சகாயராஜ். வியர்வை அவன் மூக்கிலிருந்து சொட்டியது. "ஒரு அம்மாதான். அம்பது அம்பத்தஞ்சு கிலோ."

விஜயலட்சுமி விரல்களை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒன்பதுதான். அத்தை ஒன்பதுதான் சொன்னாள். பத்தாவது யார்?

ராம்கி அழுதுகொண்டிருந்தான்.

சத்தமில்லாமல், ஒன்பது வயதுப் பையன் மாதிரி. அவன் பிடித்திருந்த மூலையில்தான் மூங்கில் வளைந்திருந்தது.

"பெரியம்மா பேர் அத்தையோட வரிசையில இல்லண்ணா" என்றாள் அவள் மெதுவாக. "அதை நீ சொல்லணும்னு அத்தை விட்டு வச்சிருக்காங்க."

"நான் அந்தப் பேரைச் சொன்னதே இல்ல விஜி. ரேஷன் கார்டுல கூட அப்பா எழுத விடல."

"இப்ப சொல்லு."

டொக்.

அந்தத் தட்டு ராம்கியின் காலடியில் விழுந்தது. அவன் பாதத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கல் தெறித்தது. அவன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒவ்வொரு விஜயதசமிக்கும் அந்தப் படத்துக்கு மாலை போடுகிறவன் அவன்தான்.

"ஓட்டுப் போடத்தான்யா கிளம்பினாங்க" என்றான் படத்திடம். பிறகு, தொண்டை கிழிய, "எங்கம்மா. கமலாம்பா பாயி சாகேப். வெளியே வர்றாங்க. பராக்."

மூங்கில் நேரானது.

நாற்பது கிலோ. பாடை தோளுக்கு ஏறியது, காற்று மாதிரி.

"பிரகதாம்பா பாயி சாகேப்" என்று விஜயலட்சுமி கடைசியாகக் கூவினாள். "வெளியே வருகிறார். பராக்."

தாழ்ப்பாள் தானாக விலகியது. இரட்டைக் கதவு திறந்தது.

வெளியே மழை தொடங்கியிருந்தது. சாம்பல் வெளிச்சம், வயல், வேப்பமரம். கொள்ளிச் சட்டியை வாங்கிக்கொண்டு அவள் வாசற்படியை நோக்கி நடந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள்.

நெற்றியில் ஏதோ குறுக்கே வந்து நின்றது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் உலோகம். பனிக்கட்டி போலக் குளிர்ந்த உலோகம். அது அழுத்தியது. கொள்ளிச் சட்டியில் கங்கு சுருண்டு கறுத்தது. கழுத்து பின்னால் வளைந்தது. மறு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

காதருகே மூச்சு. அத்தர்.

நாற்பது வருடங்களுக்கு முன் இந்த இடத்தில், இதே மாதிரி ஒற்றைக் காலில், ஒருத்தி தனியாக நின்றிருந்தாள். விஜயலட்சுமி தனியாக இல்லை. அவள் முதுகில் பத்துப் பதினைந்து உள்ளங்கைகள் ஈரமாகப் பதிந்திருந்தன.

விசிலை வாயில் வைத்தாள்.

ஊதினாள்.

"ஓரமா நில்லு" என்றாள், ஒழுங்கில்லாத பிள்ளையிடம் சொல்லுகிற அதே குரலில். "பெரியவங்க போறாங்க."

தடி நழுவியது. மறு கால் வெளியே வந்தது.

வெண்ணாற்றங்கரையில் மழை விட்டுக் கொடுத்த அரை மணி நேரத்தில் அத்தை எரிந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று யாரோ முனகினார்கள். ராம்கி கொள்ளிக்கட்டையை விஜயலட்சுமியின் கையில் கொடுத்துவிட்டு, முனகியவரைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஆற்றில் முழுகி எழுந்து அவர்கள் திரும்பியபோது மணி நான்கு. ராஜவாசல் திறந்தே கிடந்தது. அந்த வழியாகவே உள்ளே போனார்கள். நாகம்மாள் மட்டும் பழக்க தோஷத்தில் மேற்கே திரும்பப் போனாள். "இந்தப் பக்கம் நாகம்மா" என்று சகாயராஜ் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

அத்தர் வாடை இல்லை. வீடு துடைத்து விட்ட மாதிரி இருந்தது.

"நெத்தியில சிவப்பா ஒரு கோடு இருக்கு உனக்கு" என்றான் ராம்கி.

"இருக்கட்டும்."

துணி மாற்றுவதற்காகக் குளியல் அறைக்குப் போனாள். டார்ச்சைச் சுவரில் அடித்தாள்.

சுவர் வெறுமையாக இருந்தது.

நூற்றைம்பது வருடக் கீறல்கள் ஒன்றுகூட இல்லை. நேற்றுப் பூசிய சுண்ணாம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. அவள் மூச்சை மெல்ல விட்டாள். எல்லோரும் போய்விட்டார்கள். யாரும் மிச்சமில்லை.

வெளிச்சம் கீழே இறங்கியது.

தரையோரம், முழங்கால் போட்டு உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில், ஒரே ஒரு வரி. புதுக் கீறல். சுண்ணாம்புத் தூள் இன்னும் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

மோடி எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வளைவுகளை எங்கோ பார்த்திருக்கிறாள். போனில் படம் எடுத்தாள். முன்கூடத்துக்குப் போனாள். மகாராஜின் படத்துக்குக் கீழே எழுதியிருந்த பெயரோடு ஒவ்வொரு சுழியாக ஒப்பிட்டாள்.

அதே பெயர்.

அவள் திரும்பி வந்தபோது குளியல் அறைக் கதவு சாத்தியிருந்தது. யாரும் சாத்தவில்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் விழுந்திருந்தது. அதன் மேல் ஈர மஞ்சளில் விரல் தடங்கள், ஒன்றல்ல, பல கைகளின் தடங்கள்.

உள்ளேயிருந்து,

டொக்.

காலையில் கேட்ட அதிகாரம் அதில் இல்லை.

டொக். டொக்.

பின்னால் ராம்கி வந்து நின்றான். சகாயராஜும் நாகம்மாளும் அவனுக்குப் பின்னால். "என்ன கேக்குறாரு?" என்றான் ராம்கி, கிசுகிசுப்பாக.

"ராஜவாசல் வழியா வெளிய போகணுமாம்."

"என்ன பண்றது?"

விஜயலட்சுமி ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். நெற்றிக் கோடு எரிந்தது. கதவுக்கு அருகே குனிந்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வர்ற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும். இத்தனை வருஷம் நாங்க இருக்கலையா?"

உள்ளே தட்டு நின்றது.

அவர்கள் கூடத்தைத் தாண்டி, ராஜவாசலைத் தாண்டி, வேனுக்கு அருகே வரும்வரை நிசப்தம். ஏறும்போதுதான் நால்வருக்கும் அது கேட்டது. பெண்கள் கட்டின் சுவரில், விரல் நுழையும் அளவுத் துளை ஒன்றிலிருந்து.

மெல்லிசாக ஒரு ஆண் குரல், தன் பெயரையும் பட்டங்களையும் தானே சொல்லிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.